உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

எமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் பிள்ளைப்பேற்றுக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கிளினிக்கில் நிறை பார்ப்பதற்கும், இரத்தம் சோதிப்பதற்கும், தடுப்பூசி ஏற்றுவதற்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களிலே ஏழாம் மாதம் வரை ஒரு தடவையேனும் கிளினிக்குப் போகாத தாய்மார் இருக்கிறார்கள். தூரம் ஒரு காரணம். ஒரு நாள் கூலி இழப்பு இன்னொரு காரணம். இவற்றுக்கு மேலாக நாம் அதிகம் பேசாத ஒரு காரணமும் உண்டு. அந்தத் தாயின் பெயர் எந்த மருத்துவமாதின் பதிவேட்டிலும் இல்லை என்பதே அது.

இலவசச் சேவை என்பது தானாக வீட்டு வாசலுக்கு வருவதல்ல. பெயர் பதியப்பட்டவர்களைத் தேடியே அது வருகிறது. காப்புறுதியும் அப்படித்தான். நோய் வருமுன் பெயர் பதிந்தவருக்கே அது உதவும். ஆகவே இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய இடத்தில் அடுப்பு மூட்டியதும் செய்ய வேண்டிய முதற் காரியங்களில் ஒன்று, தன் பெயரை உரிய பதிவேடுகளில் சேர்ப்பதாகும். அதை எங்கே, எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவேடு காத்த உயிர்கள்

1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. குறிப்பிட்ட ஒரு பிரதேசத்தின் சனங்களுக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பொறுப்பாக இருப்பார். அவரின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மருத்துவமாதர்களும் வீடு வீடாகச் செல்வார்கள். இதுவே அந்த ஏற்பாடு. பின்னர் அது நாடு முழுவதும் பரவியது. இன்று ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதாவது எமது சனங்கள் மருத்துவமாது அல்லது மிட்வைப் என்று அழைப்பவருக்கு, ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட ஒரு பகுதி ஒப்படைக்கப்படுகிறது.

1940களின் நடுப்பகுதியில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிள்ளைகள் உயிருடன் பிறக்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய காலத்தில் அந்தத் தொகை 30 அளவுக்குக் குறைந்துள்ளது. மலேரியாக் கட்டுப்பாடு, பெண்களின் கல்வி, வைத்தியசாலைகளின் பெருக்கம் எனப் பல காரணங்கள் இதற்குண்டு. ஆயினும் வீட்டுக்கு வந்து பெயர் எழுதி, வராதவரை மீண்டும் தேடிப்போன மருத்துவமாதின் பங்கு இவற்றுள் எதற்கும் குறைந்ததல்ல. 2019ஆம் ஆண்டு, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் நோயும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. கர்ப்பவதிகளைப் பதிந்து, இரத்தம் சோதித்ததனாலேயே அது சாத்தியமாயிற்று.

இடப்பெயர்வு இந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது. 1990, 1995, 2006 முதல் 2009 வரையிலான காலம் என்று எமது மக்கள் மீண்டும் மீண்டும் எழும்பி ஓடினார்கள். பெயர் ஓர் ஊரின் புத்தகத்தில் இருந்தது. ஆள் வேறோர் ஊரில் இருந்தார். மாட்டையும் நெல்லையும் விட்டுவந்தவர்கள் கிளினிக் அட்டையை எடுத்துவர நினைக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை. மீள்குடியேறிய பின்னரும், உறவினர் காணியில் கொட்டில் போட்டிருப்பவர், கூலி வேலைக்காகப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுபவர், கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்துபவர் ஆகியோர் பதிவிலிருந்து தவறிப்போகின்றனர்.

எங்கே பதிவது?

முதலில் நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்தின் குடும்பநல உத்தியோகத்தர் யார் என்று அறியுங்கள். கிராம அலுவலரிடமோ, அயல்வீட்டுத் தாயிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால் சொல்வார்கள். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் சேவை உண்டு. காணி உறுதி இல்லை, அடையாள அட்டை தொலைந்துவிட்டது, குடும்ப அட்டை பழைய விலாசத்தில் இருக்கிறது என்பவை கிளினிக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணங்கள் ஆகா. ஆவணங்களைத் தேடும் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். கிளினிக் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவமாது தன்னிடம் ஒரு குடும்பப் பதிவேடு வைத்திருப்பார். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் இருக்கும் குடும்பங்கள் அதில் எழுதப்படும். கர்ப்பம் தரித்தால் எச். 512 எனப்படும் கர்ப்பவதிப் பதிவட்டை தரப்படும். பிள்ளை பிறந்ததும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தரப்படும். இவ்விரண்டையும் அடையாள அட்டையோடும் வங்கிப் புத்தகத்தோடும் ஒரே பொலித்தீன் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளமோ வேறு ஆபத்தோ வந்து எழும்ப நேரிட்டால், அந்த உறை கையோடு வரட்டும். புதிய இடத்து வைத்தியர் அந்த அட்டையைப் பார்த்தே உங்கள் இரத்த வகையையும், முன்னைய பிள்ளைப்பேறுகளையும், ஏற்றிய ஊசிகளையும் அறிந்துகொள்வார்.

தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போவது எமது வழக்கம். போகுமுன் உங்கள் மருத்துவமாதிடம் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர் மருத்துவமாதுக்கும் அறிவியுங்கள். இல்லையேல் இருவருமே மற்றவர் பார்ப்பார் என்றிருக்க, பிள்ளை பெற்றவளை ஒருவரும் வந்து பாராமல் விடக்கூடும்.

கர்ப்பவதி அறிய வேண்டியவை

மாதவிடாய் தவறியதும், எட்டு வாரங்களுக்குள் பதிவது நல்லது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் காலத்திலேயே போலிக் அமிலக் குளிசை எடுக்கத் தொடங்கினால், பிள்ளையின் முதுகெலும்பிலும் மூளையிலும் ஏற்படக்கூடிய சில குறைபாடுகளைத் தடுக்கலாம். கிளினிக்கில் நிறை, குருதியமுக்கம், சிறுநீர், இரத்தத்தின் அளவு, இரத்த வகை, சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவை பார்க்கப்படும். ஏற்பு ஊசியும், இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் தரப்படும். இரும்புக் குளிசையைத் தேநீருடன் விழுங்க வேண்டாம். தேநீர் அச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீர் அல்லது பழத்துடன் எடுங்கள். கல்சியத்தை வேறு நேரத்தில் எடுங்கள். திரிபோஷா கிடைத்தால் அதைத் தாயே உண்ண வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கும் பயனிராது.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள்: இரத்தப் போக்கு, கடுந் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, கடுங் காய்ச்சல், தண்ணீர்க் குடம் உடைதல், வயிற்றுப் பிள்ளையின் துடிப்புக் குறைதல். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் ஆரம்பிக்கப்பட்ட இச்சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. உள்ளூர்ப் பாதைகள் மோசமாக உள்ள இடங்களில் எந்தச் சந்தியில் வந்து நிற்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். இரவில் ஓட்டோவோ லாண்ட்மாஸ்டரோ தரக்கூடிய அயலவர் யார் என்பதையும் எட்டாம் மாதத்துக்கு முன்னரே பேசி வையுங்கள்.

பிள்ளை பிறந்த பின்பும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. முதற் பத்து நாட்களுக்குள் மருத்துவமாது இரு தடவைகள் வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் ஆள் அனுப்புங்கள். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, இரத்தம் நிற்காமை ஆகியன உடனடியாகக் காட்டப்பட வேண்டியவை. பிள்ளையைப் பார்க்க விருப்பமின்மை, காரணமில்லாத அழுகை, நித்திரையின்மை, சாகலாம் என்ற எண்ணம் ஆகியவையும் நோயே. அது பேய்க்குணமோ சோம்பலோ அல்ல. இழப்புகளைக் கண்ட எமது பெண்களிடம் இதை மிகுந்த கரிசனையோடு கவனிக்க வேண்டும். பிள்ளையின் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவுசெய்துவிடுங்கள். பாடசாலை, அடையாள அட்டை, காணி எல்லாவற்றுக்கும் பின்னாளில் அந்தப் பத்திரமே அடிப்படை.

வெளியே சொல்ல வெட்கப்படும் நோய்கள்

கருப்பை இறக்கம், நாட்பட்ட வெள்ளைபடுதல், மாதவிடாயில் அதிக இரத்தப் போக்கு ஆகியவற்றை எமது பெண்கள் ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள். பிள்ளை பெற்றுச் சில வாரங்களிலேயே தண்ணீர்க் குடம் தூக்குவதும், நெல்மூடை சுமப்பதும் கருப்பை இறக்கத்தை மோசமாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

1996ஆம் ஆண்டு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் நடத்தப்படுகிறது. 35 வயதை எட்டிய பெண்கள் இங்கு குருதியமுக்கம், சீனி, மார்பகம் ஆகியவற்றைச் சோதிப்பதோடு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் செய்துகொள்ளலாம். இந்தப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டால் காப்பாற்றலாம். 2017ஆம் ஆண்டு முதல் அதற்கெதிரான எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையில் 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இரு தடவைகள் ஏற்றப்படுகிறது. இடம்பெயர்வினால் பாடசாலை மாறிய பிள்ளை ஒரு தடவையோடு நின்றிருந்தால் மருத்துவமாதிடம் தெரிவியுங்கள்.

கருக்கலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி மற்றெல்லாச் சந்தர்ப்பங்களிலும் இந்நாட்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. கருவிலுள்ள உயிரைப் பற்றிய திருச்சபையின் போதனையை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இரகசியமாக எதையோ செய்து, இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் கண்டால், அந்நேரம் விசாரணைக்கும் கண்டிப்புக்கும் உரியதல்ல. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அவளைக் காப்பாற்றுவதே அவ்வேளையில் எமது கடமை.

குடும்பத் திட்டமிடல்: முடிவு தம்பதியருடையது

ஒரு பிள்ளை பிறந்தபின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி விடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என உலக சுகாதார நிறுவனம் ஆலோசனை கூறுகிறது. பொறுப்புள்ள பெற்றோராக இருப்பது கடமை என்றே திருச்சபையும் போதிக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட சுற்றுமடல், அதற்கு இயற்கை முறைகளையே வழியாகக் காட்டுகிறது. பெண்ணின் உடல் தரும் அடையாளங்களைக் கவனித்துக் கருத்தரிக்கும் நாட்களை அறியும் முறை அவற்றுள் ஒன்று. அதைச் சரிவரப் படிக்கச் சில மாதங்கள் எடுக்கும்; பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டல் தேவை; கணவனின் முழு ஒத்துழைப்பும் தேவை. குடித்துவிட்டு வந்து மனைவியின் சொல்லைக் கேளாத கணவன் இருக்கும் வீட்டில் எந்த இயற்கை முறையும் நிலைக்காது. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாதிருந்து, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

அரசாங்கக் கிளினிக்குகளில் மாத்திரை, ஊசி, லூப், கையில் வைக்கும் உள்வைப்பு, ஆணுறை, நிரந்தரச் சத்திரசிகிச்சை ஆகியனவும் உண்டு. இச்சஞ்சிகையை வாசிப்போர் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். எந்தச் சமயத்தவராயினும், எந்த முறையாயினும், அது எவ்வாறு வேலை செய்கிறது, எத்தனை காலம் நிற்கும், பக்கவிளைவு என்ன, வேண்டாமென்றால் நிறுத்த முடியுமா என்பவற்றை உங்கள் தாய்மொழியில் கேட்டறியும் உரிமை உங்களுக்கு உண்டு. விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களின் பெண்கள், முறையான விளக்கமும் சுயவிருப்பமான சம்மதமும் இன்றித் தமக்குக் கருத்தடை உள்வைப்பு பொருத்தப்பட்டதாக முறையிட்டார்கள். இப்படியான சம்பவம் கேள்விப்படும்போது, பிள்ளைக்கு ஊசி போடவும் கிளினிக்குப் போகப் பயம் வருவது இயல்பே. ஆனால் போகாமல் விடுவதால் இழப்பு எமக்கே. தெரிந்துகொண்டு, கேள்வி கேட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதே சரியான பாதுகாப்பு. உள்வைப்பு வேண்டாமென்றால் பயிற்சி பெற்ற வைத்தியரால் அதை அகற்ற முடியும். நிவாரணத்தையோ, வீட்டுத்திட்டத்தையோ, வேறெந்த உதவியையோ ஒரு கருத்தடை முறையை ஏற்பதோடு தொடர்புபடுத்த எவருக்கும் அதிகாரமில்லை.

இலவச மருத்துவத்துக்கும் செலவுண்டு

வைத்தியம் இலவசம் என்றாலும் நோய் இலவசமல்ல. ஓட்டோக் கூலி, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, வெளியில் செய்யச் சொல்லும் பரிசோதனை, வாங்கச் சொல்லும் மருந்து, விதைப்புக் காலத்தில் இழக்கும் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். இவற்றுக்காகவே நகை அடகுக்குப் போகிறது. அடுத்த போகத்துக்கான விதைநெல் விற்கப்படுகிறது. இங்கேதான் காப்புறுதியின் தேவை வருகிறது.

காப்புறுதி என்பது எமக்குப் புதிதல்ல. எமது ஊர்களின் மரண உதவிச் சங்கம் என்ன செய்கிறது? எல்லாரும் சிறிது சிறிதாகக் கட்டுகிறார்கள். யாருக்கு இழப்பு நேர்கிறதோ அவருக்கு அது கொடுபடுகிறது. சாவுக்குச் செய்வதை வாழ்வுக்கும் செய்வதே மருத்துவக் காப்புறுதி. இதன் அடிப்படை விதி ஒன்று: சுகமாக இருக்கும்போதே சேர வேண்டும். நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் நிதி சில மாதங்களில் காலியாகிவிடும்.

அரசின் திட்டங்களில் இரண்டை அறிந்துகொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் முதலாவது. முதுமையில் ஓய்வூதியமும், அங்கவீனமோ மரணமோ நேரிட்டால் கொடுப்பனவும் இதன் நோக்கம். கமநல சேவை நிலையத்தில் இதைப் பற்றி விசாரிக்கலாம். முன்னர் பணம் கட்டிப் பற்றுச்சீட்டை இழந்தவர்களும் பழைய பதிவு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம். சுயதொழில் செய்வோருக்கு உரிய இத்திட்டத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். காணி கணவன் பெயரில் இருக்கிறது என்பதற்காகப் பெண்கள் ஒதுங்கிவிட வேண்டாம். கோழி வளர்ப்பவரும், தையல் செய்பவரும் தமக்குப் பொருந்துமா என்று விசாரிக்கலாம். இவை வைத்தியசாலைச் செலவை அப்படியே கொடுப்பவை அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

தனியார் கம்பனிகளின் முகவர்களும் கிராமங்களுக்கு வருகிறார்கள். கையொப்பமிடுமுன் இவற்றைக் கேளுங்கள்: சேர்ந்து எத்தனை மாதங்களின் பின் உதவி கிடைக்கும்? பிள்ளைப்பேறு அதில் அடங்குமா? ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடைக்குமா? அறுவடை பிழைத்து ஒரு தவணை கட்டாவிட்டால் என்னவாகும்? எந்தப் பத்திரங்கள் காட்ட வேண்டும்? பதிலை வாயால் மட்டுமல்ல, ஒப்பந்தப் பத்திரத்திலும் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஊருக்கொரு சுகநல நிதி

இவற்றோடு, மாதர் சங்கமோ சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமோ சிறிய நிதி ஒன்றைத் தாமே நடத்தலாம். எடுத்துக்காட்டாக, 40 குடும்பங்கள் மாதம் 200 ரூபா வீதம் கட்டினால் மாதத்துக்கு 8,000 ரூபாவும் ஆண்டுக்கு 96,000 ரூபாவும் சேரும். வைத்தியசாலையில் தங்க நேர்ந்த 12 குடும்பங்களுக்கு 5,000 ரூபா வீதம் கொடுத்தாலும் 60,000 ரூபாவே செலவாகும். மீதி 36,000 ரூபா, நோய்கள் அதிகமாகும் ஆண்டுக்கு ஒதுக்காக இருக்கும். அறுவடைக் காலத்தில் மட்டும் பணம் புழங்கும் ஊரில், மாதந்தோறும் கேளாமல் போகத்துக்கு ஒரு தடவை அறவிடலாம்.

நிதி நிலைக்கச் சில விதிகள் தேவை. ஊரின் எல்லாக் குடும்பங்களும் சேரட்டும். சேர்ந்து மூன்று மாதங்களின் பின்னரே உதவி கிடைக்கட்டும். ஆனால் முதற் சேர்க்கைக் காலத்தில் வந்த கர்ப்பவதிக்கு இவ்விதியைத் தளர்த்தலாம். பணம் வங்கியில் மூவர் கையொப்பத்தில் இருக்கட்டும். அவர்களுள் இருவர் பெண்களாக இருக்கட்டும். ஒதுக்குப் பணத்தைக் கடனாகக் கொடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கை எல்லார் முன்னிலையிலும் வாசியுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை வாசிக்கலாம். எந்த நோய்க்கு என்பதை வாசிக்கக் கூடாது. வெளியே தெரிந்துவிடும் என்று ஒரு பெண் பயந்தால், அவள் சிகிச்சைக்கே போகமாட்டாள்.

இந்த நிதியில் பெயர் எழுதும் அன்றே இன்னொன்றையும் செய்யலாம். வீட்டில் கர்ப்பவதி உண்டா, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உண்டா, 35 வயது கடந்த பெண் உண்டா, இவர்கள் மருத்துவமாதின் பதிவில் உள்ளார்களா என்று கேட்டுக் குறித்து, விடுபட்டவர்களின் பட்டியலை அவரிடம் ஒப்படையுங்கள். ஓரிடத்தில் சேர்ந்து வருவோரைப் பார்ப்பது அவருக்கும் எளிது. பங்கு மண்டபமோ, கோயில் மடமோ, வாசிகசாலையோ கிளினிக் நடத்த இடம் தரலாம். பலர் சேர்ந்து கேட்டால் நடமாடும் சேவைக்கான கோரிக்கைக்கு அதிக வலுவுண்டு.

மரியாளும் சூசையப்பரும் தம் பெயரைப் பதிவதற்காகவே பெத்லகேமுக்குப் போனார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தூரம் நடந்தாள். தங்க இடம் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பு பேரரசனின் தேவைக்காக நடந்தது. நாம் சொல்லும் பதிவோ அந்தத் தாயின் தேவைக்கானது. ஆகவே அவள் தேடி நடக்கும்வரை காத்திராமல், உங்கள் ஒழுங்கையில் புதிதாகக் குடிவந்திருக்கும் குடும்பத்தின் வாசலுக்கு இந்த வாரமே போங்கள். வரவேற்றுக் கதைத்துவிட்டு, மருத்துவமாதின் பெயரையும் கிளினிக் நாளையும் சொல்லிக்கொடுங்கள். முதற் தடவை அவர்களோடு நீங்களும் துணைக்குப் போய் வாருங்கள்.